ஊழியமும் வேலையும்: ஒரு சேகரத்தின் முன் உள்ள நான்கு வழிகள்

பங்குனி, சித்திரை மாதங்களில் பனங்காடு சூழ்ந்த தென்மாவட்ட ஊர்களில் ஞாயிறு ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போது பனையேறிகள் பலர் மரத்தின் மேல்தான் இருப்பார்கள். பாளையை அன்றாடம் சீவ வேண்டும். விட்டுவிட்டால் சுரப்பு குறைந்துபோகும். இறக்கிய பதநீரைத் தாமதிக்காமல் காய்ச்ச வேண்டும். இல்லையென்றால் அது கருப்பட்டிக்கு ஆகாது. கணவர் மரத்திலும் மனைவி பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியின் அடுப்படியிலும் இருக்க, அவர்கள் இல்லாத ஆலயத்தில் உழைப்பாளிகளுக்காக ஒரு வரி ஜெபம் ஏறெடுக்கப்படும். பிறகு அவர்கள் மாலைக் கூட்டத்துக்கு வந்துசேரும்போது, ஓய்வுநாளை ஆசரிக்கத் தவறினோம் என்ற குற்றவுணர்வும் கூடவே வந்து அமரும். அந்தக் குற்றவுணர்வைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து யாரும் பேசியதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துச் சேகரங்களை, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதிகளை, மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஒரு குருவானவர், இரண்டு மூன்று சபை ஊழியர்கள், சிற்றூர்களில் பரந்து கிடக்கும் பல ஆலயங்கள், காணிக்கையையும் பண்டிகை வரவையும் நம்பிய வரவுசெலவு என்பதே பெரும்பாலான சேகரங்களின் நிலை. பனையேறுகிறவர்களும் உப்பளத்தில் வாருகிறவர்களும் பீடி சுற்றும் பெண்களும் பள்ளி ஆசிரியர்களும் செவிலியர்களும் சிறு கடைக்காரர்களும் ஒரே சபையில் இருக்கிறார்கள். அவர்களுடைய விசுவாசம் திங்கட்கிழமை வேலையையும் ஊர் வாழ்க்கையையும் தொட வேண்டும் என்பதில் சேகரக் கமிட்டியில் யாருக்கும் மறுப்பு இருப்பதில்லை. எந்த வழியில் தொடங்குவது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. இருக்கும் ஆட்களையும் பணத்தையும் கொண்டு இரண்டு ஆண்டுகளில் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்பதால் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நம் சபைப் பேச்சில் ஊழியம் என்றால் பிரசங்கிப்பதும் ஜெபக்கூட்டம் நடத்துவதும் கைப்பிரதி கொடுப்பதுமே. மற்றவை எல்லாம் வேலை. சிலர் வாயில் ‘உலக வேலை’. வங்கியில் முப்பது ஆண்டு நேர்மையாகக் கணக்குப் பார்த்தவர் ஓய்வு பெற்றபின் ‘இனிமேல் ஊழியம் செய்யப் போகிறேன்’ என்று சாட்சி சொல்லும்போது, அந்த முப்பது ஆண்டுகளும் அவர் கணக்கில் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறது. இதே சொல்லுக்குத் திருவிதாங்கூரில் கூலியில்லாக் கட்டாய உழைப்பு என்று பொருள் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவர்களை ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது என்று அந்த அரசு விலக்கு அளித்தது. அன்று ஓய்வுநாள் என்பது ஒடுக்கப்பட்ட உழைப்பாளிக்குக் கிடைத்த விடுதலையாக இருந்தது. அதே ஓய்வுநாள் இன்று பனையேறியின் மனத்தில் பாரமாக ஏறியிருக்கிறது என்றால், வேலைக்கும் விசுவாசத்துக்கும் நடுவில் நாமே எழுப்பிய சுவர் எவ்வளவு உயரம் என்பது புரியும். 1520இல் மார்ட்டின் லூத்தர், செருப்புத் தைப்பவரும் கொல்லரும் உழவரும் தத்தம் தொழிலில் இருந்தபடியே குருக்களைப் போல அர்ப்பணிக்கப்பட்டவர்கள் என்று எழுதினார். தரங்கம்பாடியில் 1706இல் லூத்தரன் மிஷனரியான சீகன்பால்கு வந்திறங்கியது முதல் அந்த மரபு நம் மண்ணில் இருக்கிறது. ஆனாலும் ‘அழைப்பு’ என்ற சொல்லை நாம் குருவானவருக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு வழியையும் எடைபோட எனக்கு உதவும் கேள்விகள் இவை. குருவானவர் மாற்றலாகிப் போனபின் எது நிற்கும்? பேசுகிறவர் யார், கேட்டுக்கொண்டிருப்பவர் யார்? கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆலயத்தில் அமரும் ஊரில் எது உண்மையைப் பேச விடும்? சபைக்கு வெளியே இருக்கும் அயலாருக்கு அதனால் ஏதாவது நன்மை உண்டா?

ஆராதனையின் வழி

செலவே இல்லாத வழி இது. வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம் என்பதால் கமிட்டியில் எளிதாக ஒப்புதல் பெறும். ஜெபங்களில் அந்தந்தப் பருவத்தின் தொழிலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, பிரசங்கத்தில் வேலையைப் பற்றிய வேதபகுதிகளை வரிசையாக எடுப்பது, மே முதல் தேதியை ஒட்டிய ஞாயிற்றை உழைப்பின் ஞாயிறாக ஆசரிப்பது போன்றவை இதில் அடங்கும். கத்தோலிக்கத் திருச்சபை 1955இல் அறிவித்தபடி மே 1ஆம் தேதியைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாகக் கொண்டாடிவருவது நமக்கும் முன்மாதிரியாகலாம்.

இதற்கான கருவிகள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. தென்னிந்தியத் திருச்சபை 1950இல் பயன்படுத்தத் தொடங்கிய திருவிருந்து ஆராதனை முறையில் அப்பமும் திராட்சரசமும் காணிக்கையோடு சேர்த்துச் சபையாரிடமிருந்து பீடத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. மண்ணில் விளைந்ததும் மனிதர் கைகள் பிசைந்ததுமான ஒன்று தேவ சமுகத்தில் வைக்கப்படுகிறது என்பதே அந்த நடையின் பொருள். நம் ஆலயங்களில் அது பெரும்பாலும் இரண்டு பேர் தட்டை எடுத்துச் செல்லும் சடங்காகச் சுருங்கிவிட்டது. ஒரு மாதம் உப்பளத்துப் பெண் ஒருவரும், அடுத்த மாதம் பனையேறி ஒருவரும், அதற்கடுத்த மாதம் அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரும் தங்கள் வேலைக்குரிய உடையிலேயே அதைக் கொண்டுவந்தால், பிரசங்கத்தால் சொல்ல முடியாத ஒன்று அங்கே சொல்லப்படும். குருத்தோலை ஞாயிறும் அப்படிப்பட்ட வாய்ப்புதான். பனங்குருத்தைப் பிடித்தபடி ஓசன்னா பாடும் ஊர்களில், அந்தக் குருத்தை வெட்டித் தந்தவர் யார் என்று ஆலயத்தில் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். பனைப் பருவமும் தவக்காலமான லெந்து நாட்களும் ஒன்றோடொன்று சேர்ந்து வருவது நம் வட்டாரத்துக்குக் கிடைத்த கொடை.

அறுப்பின் பண்டிகையைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணமே உண்டு. விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பது உழைப்பை ஆராதனையாக்கும் அழகான மரபு. ஏலம் தொடங்கியதும் கவனம் விளைச்சலிலிருந்து தொகைக்கு மாறிவிடுகிறது. ஒரு தேங்காயைப் பெரிய தொகைக்கு எடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் வருகிறது. அதை விளைவித்தவர் பெயர் வருவதில்லை. படைப்பின்போதே விளைவித்தவரை ஒரு வார்த்தை பேசச் சொன்னால் பண்டிகையின் வருமானம் குறையப் போவதில்லை.

எனினும் ஆராதனையின் வழிக்கு ஓர் எல்லை இருக்கிறது. வேலையைப் பற்றி மேடையிலிருந்து பேசுகிறவர் அந்த வேலையைச் செய்தவரல்லர். சாட்சி நேரத்திலும் வேலை என்றால் கிடைத்த வேலை, வந்த விசா, உயர்ந்த பதவி என்ற வடிவில்தான் அது உள்ளே வருகிறது. ‘நான் செய்கிற இந்த வேலையில் சரி எது, தவறு எது என்று எனக்குத் தெரியவில்லை’ என்று ஒருவர் ஆலயத்தில் எழுந்து சொல்ல இடமில்லை. சொல்லவும் கூடாது, ஏனெனில் அது நானூறு பேர் முன்னால் பேசும் செய்தி அன்று. அந்தப் பேச்சுக்கு வேறோர் இடம் வேண்டும். அது இல்லாமல் ஆராதனையை மட்டும் மாற்றினால், புதிய குருவானவர் வந்த ஆறாம் மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

தொழில்வாரிக் குழுக்கள்

ஒரே தொழில் செய்கிற ஆறேழு பேர், பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தங்கள் வேலையிடத்துக்கு அருகிலேயே கூடி, அந்த வேலையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்து, அதை வேதத்தின் வெளிச்சத்தில் பார்த்து, அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டிய ஒரு சிறு செயலை முடிவு செய்வது இரண்டாம் வழி. பெல்ஜியத்தில் யோசேப்பு கார்டைன் என்ற குருவானவர் ஆலைத் தொழிலாளர்களான இளைஞர்களோடு சேர்ந்து 1925இல் முறையாக நிறுவிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம், ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்ற மூன்று படிகளை உலகுக்குக் கொடுத்தது. 1961இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பரின் சுற்றுமடலும் அந்த முறையை ஏற்றுப் பரிந்துரைத்தது. தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் இன்று அன்பியம் என்ற பெயரில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுவதைச் சீர்திருத்தச் சபையாரான நாமும் அறிவோம். நம்மிடமும் வீட்டு ஜெபக்கூட்டம் தெருத்தோறும் நடக்கிறது. வேறுபாடு கூடுகிற இடத்தில் இல்லை. பேசப்படும் பொருளில் இருக்கிறது.

தெருவாரியாகக் கூடாமல் தொழில்வாரியாக ஏன் கூட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நம் ஊர்களில் தெரு என்பது பல இடங்களில் சாதியின் எல்லையும்கூட. தெருவாரிக் கூட்டம் அந்த எல்லைக்குள்ளேயே ஜெபித்து முடித்துவிடுகிறது. ஆசிரியர்களையோ செவிலியர்களையோ தொழில்வாரியாகக் கூட்டினால், வெவ்வேறு தெருவினர் ஒரே திண்ணையில் அமரும் வாய்ப்பு உண்டு. எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. சில தொழில்களே சாதிவழி வந்தவை. இருந்தாலும் தெருவைவிடத் தொழில் சற்றே அகலமான வாசல் என்று நான் கருதுகிறேன்.

குழு என்ன பேசும் என்று எண்ணிப் பார்த்தால்தான் இதன் ஆழம் தெரியும். பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி. இலை மோசமாக வந்தால் எண்ணிக்கை குறையும் பொறுப்பு சுற்றுகிறவர் தலையில். கழித்துப் போடப்படும் பீடிக்குக் கூலி இல்லை. யார் பெயரில் கூலிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம், யார் கையில் உழைப்பு என்பதில் குழப்பம். இவை ஒரு பக்கம். மறுபக்கத்தில், நாம் சுற்றுவதைப் பிடித்து ஒருவர் நோயில் விழுகிறாரே, இந்தக் கூலியில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் காணிக்கையாகக் கொடுக்கலாமா என்ற கேள்வியைச் சில பெண்கள் உள்ளுக்குள் சுமக்கிறார்கள். வேறு வேலை இல்லாத ஊரில் அந்தக் கேள்விக்கு மேடையிலிருந்து ஒரே வரியில் பதில் சொல்வது கொடுமை. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, கை சுற்றிக்கொண்டிருக்கும்போதே, தோழிகளோடு மெதுவாகப் பேசிப் பார்க்க வேண்டிய கேள்வி அது. அந்தத் திண்ணையில் பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணும் இசுலாமியப் பெண்ணும் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களை எழுந்து போகச் சொல்லத் தேவையில்லை. அயலாருக்கு என்ன நன்மை என்ற என் கேள்விக்கு இந்த வழியில்தான் இயல்பான பதில் கிடைக்கிறது.

உப்பளத்தில் சிக்கல் இன்னும் கூர்மையானது. விடியும் முன்பே வேலை தொடங்குகிறது. வெள்ளை உப்பின் கண்கூச்சமும் உப்புநீரில் நின்று வெடித்த காலும் அந்த வேலையின் அடையாளங்கள். மழை மாதங்களில் வேலையே இல்லை. அளத்தை நடத்துகிறவரும் வாருகிறவரும் ஒரே சபையில் இருக்கும் ஊர்கள் உண்டு. வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுவதை அந்த ஆலயத்தில் வாசிப்பது எளிதன்று. முதலாளிகளையும் தொழிலாளிகளையும் ஒரே குழுவில் அமர்த்தினால் தொழிலாளி பேசமாட்டார். தனித்தனியாக அமர்த்தினால் சபை இரண்டாகப் பிரிகிறது என்ற குறை வரும். முதல் ஓராண்டு தனித்தனியாகவே கூட வேண்டும் என்பது என் முடிவு. பேசிப் பழகாதவர்கள் பேசப் பழகுவதற்கு முன்பே அவர்களைச் சமரசத்துக்கு அழைப்பது, மௌனத்துக்கு ஐக்கியம் என்று பெயர் சூட்டுவதாகும். முதலாளிகள் குழுவுக்கும் சொந்தக் கேள்விகள் இருக்கின்றன. விலை வீழ்ந்த ஆண்டில் யாருடைய பங்கைக் குறைப்பது, நிழலுக்கும் குடிநீருக்கும் ஆகும் செலவை எப்படிக் கணக்கில் வைப்பது என்பவற்றை அவர்களும் தங்களுக்கு நிகரானவர்களோடு பேசினால்தான் மனம் திறப்பார்கள்.

இந்த வழியின் குறைகளை மறைக்கக் கூடாது. இது மெதுவானது. முதல் மூன்று நான்கு கூட்டங்கள் புலம்பலிலேயே போய்விடும். ஜெபக்கூட்டம் என்றால் பாட்டு, வேதவாசிப்பு, செய்தி, ஜெபம் என்ற ஒழுங்கு மனத்தில் ஊறியிருப்பதால், ‘செய்தி கொடுப்பவர் யார்’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். குழுவை நடத்துகிறவர் குருவானவராகவோ சபை ஊழியராகவோ இருந்தால் அது ஒரே மாதத்தில் இன்னொரு செய்திக்கூட்டமாக மாறிவிடும். அதே தொழிலைச் செய்கிற ஒருவர்தான் நடத்த வேண்டும். அவருக்குத் துணையாக, பேசாமல் கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்ட ஐந்தாறு பேரைக் கண்டெடுப்பதுதான் இந்த வழியின் உண்மையான செலவு. கண்டெடுத்துவிட்டால் குருவானவர் மாற்றலானாலும் குழு நிற்கும், ஏனெனில் அது அவருடையதாக இருந்ததே இல்லை.

சபை நடத்தும் திட்டங்கள்

தையல் பயிற்சி, சேமிப்புச் சங்கம், கருப்பட்டிக் கொள்முதல், பனையோலைப் பொருள் விற்பனை என்று ஏதாவது ஒரு திட்டத்தைச் சபையே தொடங்கி நடத்த வேண்டும் என்பது கமிட்டிகளில் அதிக ஆர்வத்தோடு பேசப்படும் கருத்து. கண்ணுக்குத் தெரிகிற பலன்; அறிக்கையில் எழுதலாம்; திறப்பு விழா நடத்தலாம். நம் வரலாறும் இதன் பக்கம் நிற்பதுபோல் தோன்றும்.

உண்மையிலேயே அந்த வரலாறு பெருமைக்குரியது. துன்புறுத்தப்பட்ட விசுவாசிகள் சேர்ந்து வாழ்வதற்காக 1799இல் முதலூர் உருவானது. பாளையங்கோட்டையில் 1820 முதல் உழைத்த மிஷனரி ரேனியஸ், நிலம் வாங்கிக் கிறிஸ்தவக் குடியிருப்புகளை அமைக்கத் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் கற்பித்த பின்னல் வேலையின் வருமானத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தப் பின்னல் வேலையும் அங்கே வந்தது. நாசரேத்தில் 1876 முதல் பணியாற்றிய மர்காஷிஸ் ஐயர் தொழிற்பள்ளியை நிறுவினார். கைத்தொழிலும் வேதமும் ஒரே வளாகத்தில் இருந்த காலம் அது.

ஆனால் இதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 1834இல் சுவிட்சர்லாந்திலிருந்து மங்களூருக்கு வந்த பாசல் மிஷன், ஞானஸ்நானம் பெற்றதால் சாதித்தொழிலையும் வீட்டையும் இழந்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று நெசவுச்சாலைகளையும், 1865 முதல் ஓட்டுத் தொழிற்சாலைகளையும் நடத்தியது. அந்த ஓடுகள் இன்றும் எத்தனையோ கூரைகளில் இருக்கின்றன; வேலை கற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக நிமிர்ந்தார்கள். அதேவேளையில் சபைக்குத் தலைமை தாங்கிய மிஷனே கூலி கொடுப்பவருமாயிற்று. ஆலயத்திலும் ஆலையிலும் ஒரே அதிகாரத்தின் கீழ் இருப்பவர், ஆலையில் தனக்குள்ள குறையை ஆலயத்தில் எப்படிச் சொல்வார்? முதல் உலகப் போரின்போது ஜெர்மானியத் தொடர்பு காரணமாக மிஷனின் தொழில்கள் பறிக்கப்பட்டு வேறு நிறுவனத்தின் கைக்குப் போயின. தொழிலாளர்கள் அங்கேயே இருந்தார்கள்; அதன் மேல் அவர்களுக்கு எந்த உரிமையும் இருந்ததில்லை.

வேறுவிதமாகச் செய்தவர்களும் உண்டு. மார்த்தாண்டத்தில் 1920களில் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் கற்றுக்கொடுத்து, முட்டையைக் கூட்டுறவாக விற்க வழிசெய்த அவர், தேன்கூட்டின் சொந்தக்காரராக ஆகவில்லை. கூடு அவரவர் வீட்டுக்கொல்லையில் இருந்தது. மார்த்தாண்டம் தேன் இன்றும் அந்த வட்டாரத்தின் பெயரைச் சொல்கிறது. மீனவர் நடுவில் நடந்தது இன்னும் தெளிவானது. தென்கேரளத்திலும் குமரிக் கரையிலும் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் பணியாளர்கள் துணைநிற்க, கரையில் மீனை ஏலம் விடும் உரிமையை இடைத்தரகரிடமிருந்து மீட்ட ஊர்ச் சங்கங்கள் தோன்றின. பிடித்த மீனின் மதிப்பில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் போகும் ஏற்பாட்டை அந்தச் சங்கங்கள் நடத்தின. அவை ஒன்றுசேர்ந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாயின. அங்கே உரிமையாளர் மீனவரே. மதம் பார்க்காமல் கடலுக்குப் போகிறவர் எவரும் உறுப்பினராக முடிந்தது.

ஆகவே திட்டத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. யார் கேட்டார்கள், யாருக்குச் சொந்தம் என்ற இரண்டில்தான் என் கவலை இருக்கிறது. நான் அமர்ந்த ஒரு கமிட்டியில் தையல் இயந்திரங்கள் வாங்கித் திறப்பு விழா நடத்தினோம். தையல் வேண்டும் என்று யார் கேட்டார்கள் என்பதை அன்று நானும் விசாரிக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் பயிற்சியாளர் போனார், அறை பூட்டப்பட்டது, திறவுகோலை யார் வைத்திருப்பது என்பதில் மனக்கசப்பு மட்டும் மிஞ்சியது. சபை ஒரு சொத்தையோ நிறுவனத்தையோ உருவாக்கினால் அதற்கொரு பதவியும் உருவாகிறது. பதவி உருவானால் அதற்குப் போட்டியும் உருவாகிறது. பல சேகரங்கள் சேர்ந்த நம் திருமண்டலங்களில் தேர்தல் காலம் என்ன செய்துவிடுகிறது என்பதைக் கண்ணீரோடு பார்த்தவர்கள் இன்னொரு பதவியை உண்டாக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

வேலையிடத்துக்குப் போவது

நான்காம் வழியில் சபையாரை எங்கும் அழைக்காமல், அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சபை போகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆயர் லெஸ்லி ஹன்டர் 1944இல் தொடங்கி டெட் விக்கம் முன்னின்று நடத்திய தொழிற்சாலைப் பணி, எஃகு ஆலைகளுக்குள் போய் இடைவேளையில் தொழிலாளர்களோடு உரையாடியது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் சில குருக்கள் ஆலைகளில் கூலிக்கு வேலை செய்யவே போய்விட்டார்கள். 1954இல் ரோம் அதை நிறுத்தியது. 1965இல் மீண்டும் அனுமதித்தது. தொழிற்சங்கப் போராட்டங்களில் அவர்கள் தொழிலாளர் பக்கம் நின்றது திருச்சபைத் தலைமைக்குக் கவலையூட்டிய காரணங்களில் ஒன்று. வேலையிடத்துக்கு உண்மையாகப் போகிறவர் போனபடியே திரும்பி வருவதில்லை என்பதை அது காட்டுகிறது.

நம் சேகரங்களில் குருவானவர் வாரத்தில் ஒரு விடியற்காலையை உப்பளத்திலோ விடிலியிலோ கழிப்பது நடக்கக்கூடியதே. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அளத்துக்காரரின் அனுமதியோடு, அவருடைய வாகனத்தில் போய் இறங்கினால் அவர் முதலாளியின் விருந்தாளி. கேட்காமல் போனால் அத்துமீறியவர். பனங்காட்டில் அந்தத் தொல்லை இல்லை. விடிலியில் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுக்கும் பதநீரைக் குடித்துவிட்டு, ஜெபிக்கட்டுமா என்று உடனே எழுந்துவிடாமல், அடுப்பு அணையும்வரை உட்கார்ந்திருந்தால் போதும். அங்கே குருவானவர் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது. குடும்பச் சந்திப்புக்கு வீடு வீடாகப் போகும் வழக்கம் நம் குருவானவர்களுக்கு உண்டு என்பதால், அந்தச் சந்திப்பின் இடத்தை மாற்றுவது பெரிய புதுமையும் அன்று.

இதன் குறை வெளிப்படையானது. குருவானவர் கற்றது குருவானவரோடு மாற்றலாகிப் போய்விடும். ஒரு மனிதர் ஆண்டில் நாற்பது விடியற்காலைகளுக்கு மேல் போக முடியாது. அறுவடை, இறப்பு, கல்யாணம் குறுக்கே வரும். திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் வேலையிடத்தை அவர் எட்டவே முடியாது. அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, ‘வேலையில் இந்த வாரம் எது கடினமாக இருந்தது’ என்று கேட்கும் பொறுப்பை வாலிபர் ஐக்கியம் எடுத்துக்கொள்ளலாம்.

எதை முதலில், எதைப் பின்னால்

இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் தொழில்வாரிக் குழுக்களையே எடுப்பேன். என் கேள்விகளில் மூன்றுக்கு அது மட்டுமே நேராகப் பதில் சொல்கிறது: குருவானவர் போனாலும் நிற்கிறது, பேச்சை வேலை செய்கிறவர் கையில் கொடுக்கிறது, அயலாரை வெளியே நிறுத்துவதில்லை. முதலாளியும் தொழிலாளியும் பற்றிய கேள்விக்கு மட்டும் அது பாதிப் பதிலே தருகிறது. மற்ற வழிகள் அந்தப் பாதியையும் தருவதில்லை.

ஆனால் குழுக்களை அறிவிப்புப் பலகையில் எழுதித் தொடங்க முடியாது. நான்காம் வழியை அவற்றின் முதல் பருவமாக வைக்க வேண்டும். குருவானவரும் கமிட்டியில் இருவரும் மூன்று மாதம் வேலையிடங்களுக்குப் போய்க் கேட்டுவந்தால், யார் குழுவை நடத்தத் தக்கவர் என்பது தானாகவே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் பெரும்பாலும் கமிட்டி தேர்தலில் நிற்காதவராக இருப்பார். குழுக்கள் நடக்கத் தொடங்கியபின் ஆராதனை அவற்றின் வாயாக வேண்டும்: அந்த மாதம் குழுவில் எழுந்த ஒரு விண்ணப்பம், ஆட்களின் பெயர் இல்லாமல், குழுவினரே எழுதிய வார்த்தைகளில் பொதுஜெபத்தில் வரட்டும். திட்டத்தைக் கடைசியில் வைக்கிறேன். ஒரு குழு தானே பேசி, தானே கணக்குப் போட்டு, எங்களுக்கு இது வேண்டும், எங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்கிறோம் என்று வந்து நிற்கும்வரை கமிட்டி காத்திருக்க வேண்டும். அப்போதும் சபை கொடுக்க வேண்டியது தொடக்கக் கடனும் கணக்குத் தெரிந்த ஒருவருடைய நேரமும் மட்டுமே.

எல்லாச் சபைக்கும் இந்த வரிசை பொருந்தாது. சென்னை, கோவை போன்ற நகரச் சபைகளில் ஒரே தொழிலில் இருப்பவர்கள் நகரின் நான்கு மூலைகளில் வாழ்கிறார்கள். வார இரவில் அவர்களைக் கூட்டுவது முடியாத காரியம். அங்கே ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே அமர்வதுதான் சாத்தியம் என்பதால் முதல் வழிக்கு அதிக எடை கொடுக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் ஆலயப் பங்கும் ஊரும் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற முடிவைக்கூடப் பல இடங்களில் ஊரே சேர்ந்து காத்துவருகிறது. கூடி முடிவெடுக்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே இருப்பதால் திட்டத்தை முன்னதாகவே தொடங்கலாம். இருபது குடும்பமே உள்ள சிற்றூர் ஆலயத்தில் குழு பிரிக்க ஆள் இல்லை. அங்கே சபை ஊழியர் வயலுக்கும் விடிலிக்கும் போய்வருவதே போதுமானது.

பனையுள்ள சேகரங்களுக்குக் காலமும் முக்கியம். மாசியில் பாளை சீவத் தொடங்கிவிட்டால் ஆவணிவரை பனையேறிக்கு ஓய்வில்லை. எனவே கேட்கப் போகும் மூன்று மாதங்களை மார்கழிக்கு முன் முடித்து, தை மாதத்தில் பனையேறிகளின் முதல் கூட்டத்தை வைத்துவிடுவது நல்லது. அந்தக் கூட்டத்தில் எடுக்க வேண்டிய பொருளைக் குருவானவர் தேடத் தேவையில்லை. பருவம் முழுவதும் ஞாயிறு காலையில் மரத்தில் இருக்கப்போகிறவர்கள் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த விடிலியில் கூடி ஆராதிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அதற்குத் தக்கபடி ஆராதனை நேரத்தை மாற்றும் பொறுப்பைக் கமிட்டி ஏற்றுக்கொள்ளட்டும்.